கூட்டத்தின் சத்தம்: ஆரேயாவின் கச்சேரித் தட்டும் அதன் ரசிகர்களும்

கச்சேரி இசைத்தட்டு என்பது அடிப்படையில் ஒரு பித்தலாட்டம். ரசிகர்களுக்கும் இது தெரியும், தெரிந்தேதான் வாங்குகிறார்கள். ஒரு குழு மாதக்கணக்கில் ஸ்டுடியோவுக்குள் அடைந்து கிடந்து செய்து முடித்த பாட்டை மேடையில் ஒரு ராத்திரி வாசிக்கிறது. அதைப் பதிவு செய்கிறார்கள். பிசிறுகளை வெட்டுகிறார்கள். தப்பு விழுந்த இடத்தில் பிற்பாடு வாசித்து ஒட்டுகிறார்கள். கைதட்டலை ஏற்ற வேண்டிய இடத்தில் ஏற்றி, இறக்க வேண்டிய இடத்தில் இறக்கி, 'நேரடி' என்று அட்டையில் அச்சடித்துச் சந்தைக்கு அனுப்புகிறார்கள். ஏற்கெனவே அந்தப் பாட்டுகளை வைத்திருக்கிறவன்தான் இதையும் வாங்குகிறான். அப்படியானால் அவன் காசு கொடுத்து வாங்குவது பாட்டை அல்ல. தான் இல்லாத ஓர் இடத்தில் தானும் இருந்ததாக ஒரு நினைவை வாங்குகிறான். கூடவே ஓர் அத்தாட்சியையும்: 'இவங்க நெசமாவே வாசிக்கிறாங்கப்பா.'

'ப்ரோக்ரஸிவ் ராக்' என்று சொல்லப்படும் வகைமையில் இந்த அத்தாட்சிக்கு மவுசு அதிகம். (ப்ரோக்ரஸிவ் என்றால் முற்போக்கு. ஆனால் அந்தச் சொல்லைப் பார்த்து நம் தோழர்கள் அவசரப்பட்டு உறவு கொண்டாடிவிட வேண்டாம். இங்கே 'முன்னேறியது' வடிவம் மட்டும்தான்: மூன்று நிமிடப் பாட்டு இருபது நிமிடம் ஆனது, நாலு எண்ணிக்கைத் தாளம் ஏழாகவும் பதினொன்றாகவும் உடைந்தது, செவ்வியல் இசையும் ஜாஸும் உள்ளே வந்தன.) இவ்வளவு சிக்கலானதை மேடையில் வாசிக்க முடியுமா என்ற கேள்விக்குப் பதிலாகவே இந்தக் குழுக்களின் கச்சேரித் தட்டுகள் வந்தன. 1973இல் யெஸ் குழுவின் 'யெஸ்ஸாங்ஸ்' மூன்று எல்.பி.க்களாக வந்தது. அடுத்த வருடமே எமர்சன், லேக் அண்ட் பாமர் தங்கள் பங்குக்கு மூன்று. கிங் க்ரிம்ஸனின் 'யூ.எஸ்.ஏ.' 1975இல் வெளியானபோது அந்தக் குழுவே கலைந்துவிட்டிருந்தது. அதில் சில பாட்டுகளில் கேட்கும் வயலின், மேடையில் இல்லாத எடி ஜாப்ஸன் என்பவர் பிறகு ஸ்டுடியோவில் வாசித்துச் சேர்த்தது. இதன் உச்சம் என்று 1995இல் வந்த பிங்க் ஃப்ளாய்டின் 'பல்ஸ்' தொகுப்பைச் சொல்வேன். அதன் அட்டையின் முதுகில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு வைத்திருந்தார்கள். வாங்கியவன் வீட்டு அலமாரியில் பாட்டரி தீரும்வரை அது மினுக் மினுக்கென்று எரிந்துகொண்டிருந்தது. இசைத்தட்டு உயிரோடு இருக்கிறதாம். பண்டம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் பொய்க்கு இதைவிட நேர்மையான படிமம் கிடைக்காது.

1938இல் அடோர்னோ எழுதிய ஒரு கட்டுரையில், கச்சேரிக்குப் போகிறவன் உண்மையில் வழிபடுவது தான் டிக்கெட்டுக்குக் கொடுத்த பணத்தைத்தான் என்கிறார். அந்தக் கட்டுரையின் திமிர் எனக்குப் பிடிக்காது. ரசிகனை முட்டாளாக வைத்துக்கொண்டால்தான் ஓடுகிற கோட்பாடு அது. ஆனால் பெரும்பாலான கச்சேரித் தட்டுகளைப் பொறுத்தவரை அவர் சொன்னது பொருந்திப் போய்விடுகிறது. பொருந்தாத ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு சுற்றி வந்தேன்.

இத்தாலியின் ஆரேயா குழு 1975இல் வெளியிட்ட 'ஆரே(ஆ)ட்ஸியோனே'தான் அது. தலைப்பே ஒரு சொல் விளையாட்டு. குழுவின் பெயரும் 'ஆட்ஸியோனே' (செயல்) என்ற சொல்லும் அதில் ஒட்டிக்கிடக்கின்றன. காதால் கேட்டால் எதிர்வினை என்ற சொல்லும் காற்றோட்டம் என்ற சொல்லும்கூட எட்டிப் பார்க்கும். குழுவின் பெயரை ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினால் நம்மாட்கள் 'ஏரியா' என்றுதான் வாசிப்பார்கள். ஏரியா என்றால் நமக்குப் பேட்டை. அந்தப் பொருளும் அப்படியொன்றும் தப்பில்லை.

*

1972இல் மிலானில் உருவான குழு இது. பாடகர் டெமெட்ரியோ ஸ்ட்ராட்டோஸ், கீபோர்டில் பத்ரிசியோ ஃபாரிசெல்லி, கிதாரும் சிந்தசைஸரும் பாவோலோ டோஃபானி, பாஸ் கிதாரில் ஆரெஸ் தவோலாட்ஸி, ட்ரம்ஸில் ஜூலியோ கப்பியோட்ஸோ. இவர்களுக்குப் பின்னால் ஜான்னி ஸாஸ்ஸி என்ற வடிவமைப்பாளர். க்ராம்ப்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தை நடத்தியவர். ஃப்ராங்கன்ஸ்டைன் என்ற புனைபெயரில் பாட்டுகளும் எழுதினார். 1973இல் வந்த முதல் தட்டுக்கு நாஜி வதைமுகாம் வாசலில் இருந்த வாசகத்தையே தலைப்பாக வைத்து, உள்ளே அட்டையில் வெட்டிய துப்பாக்கி ஒன்றையும் போட்டுக் கொடுத்தவர்கள். விளம்பர மூளையும் புரட்சி மூளையும் ஒரே தலைக்குள் இருந்தால் இப்படித்தான் வரும். இதில் எது எதைப் பயன்படுத்திக்கொண்டது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். பிரிக்கத் தேவையும் இல்லை என்று நினைக்கிறேன்.

அன்றைய இத்தாலியை ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும். 1969 டிசம்பரில் மிலானில் பியாட்ஸா ஃபொன்தானா வங்கியில் குண்டு வெடித்து, பழி அராஜகவாதிகள் மேல் போடப்பட்டது. தொழிற்சாலைகளில் வேலைநிறுத்தங்கள். மேற்கு ஐரோப்பாவிலேயே பெரிய கம்யூனிஸ்ட் கட்சி, 1973 முதல் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியோடு 'வரலாற்றுச் சமரசம்' பேசத் தொடங்கியிருந்தது. அந்தச் சமரசத்துக்கு வெளியே நின்ற இளைஞர்கள், வாடகையிலும் மின்கட்டணத்திலும் தாங்களே குறைத்துக்கொண்டு கட்டுவதுபோலக் கச்சேரிக் கட்டணத்தையும் குறைக்கச் சொன்னார்கள். பிறகு கொடுக்கவே மாட்டோம் என்றார்கள். இசை எங்களுடையது, அதை எங்களுக்கு விற்க நீ யார் என்பது வாதம். 1971 ஜூலையில் மிலானின் விகொரெல்லி மைதானத்தில் லெட் ஸெப்பலின் கச்சேரி கண்ணீர்ப் புகையில் முடிந்தது. 1977இல் அதே மைதானத்தில் சந்தானா வாசிக்கும்போது மேடையை நோக்கிப் பெட்ரோல் குண்டு வந்தது. அதோடு வெளிநாட்டுப் பெருங்குழுக்கள் கொஞ்ச காலம் இத்தாலிப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

இந்தக் கூட்டத்தின் முன்னால்தான் ஆரேயா வாசித்தது. மிலான், நாபொலி, ரிமினி, ரெஜ்ஜோ எமிலியா என்று நான்கு ஊர்களில் எடுத்த பதிவுகளில் இருந்து தொகுத்த தட்டு இது. ஐந்தே உருப்படிகள், மொத்தம் நாற்பது நிமிடத்தை ஒட்டி. ஒலிப்பதிவு சுமார் ரகம். 'யெஸ்ஸாங்ஸ்' காலத்து ரசிகன் கேட்டால் முகம் சுளிப்பான். ஆனால் இந்தக் குழுவின் ரசிகர்கள் அந்தக் கரகரப்பையே கொண்டாடுகிறார்கள். இந்தக் கொண்டாட்டத்தை வெறும் பழம்பொருள் மோகம் என்று நான் ஒதுக்க மாட்டேன். சுத்தமான பதிவில் கூட்டம் ஓர் அலங்காரம். பாட்டு முடிந்ததும் வந்து போகும். இங்கே வாத்தியமும் கூட்டமும் ஒரே காற்றில் இருக்கின்றன. துடைத்தால் இரண்டும் போய்விடும்.

தட்டில் எது இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். அதே 1975இல் வந்த 'க்ராக்!' தட்டில் 'ஜோயா எ ரிவொலூட்ஸியோனே' என்ற பாட்டு உண்டு. மகிழ்ச்சியும் புரட்சியும் என்று பொருள். ஆரேயா செய்ததிலேயே சட்டென்று வாயில் ஒட்டிக்கொள்ளும் பாட்டு அது. கூட்டத்தைப் பாட வைத்துப் பதிவு செய்திருந்தால் எந்த ரசிகனும் உருகியிருப்பான். கச்சேரித் தட்டில் அதைச் சேர்க்கவில்லை. மாறாக, தட்டின் இரண்டாம் பாதியில் பெரும்பகுதியைப் பதினைந்து நிமிட நேரத்துக்கு முன்கூட்டி எழுதாத வாசிப்புக்குக் கொடுத்துவிட்டார்கள். வியாபாரப் புத்தி உள்ளவன் செய்கிற காரியமில்லை.

முதல் உருப்படி 'ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் (கறுப்பு)'. தலைப்பில் அடைப்புக்குள் கிடக்கும் அந்தக் 'கறுப்பு' 1970இல் ஜோர்டான் அரசு பாலஸ்தீனர்களை வேட்டையாடிய செப்டம்பரைக் குறிப்பது. 1973இல் வந்த ஸ்டுடியோப் பதிவு, அரபு மொழியில் ஒரு பெண் தன் அன்புக்குரியவனிடம் சமாதானத்தைப் பற்றிப் பேசுவதோடு தொடங்கும். பிறகு பால்கன் நாட்டுப்புற மெட்டொன்று நொண்டித் தாளத்தில் பாய்ந்து வரும். ஐந்து ஆண்கள் கொண்ட குழு. அதன் புகழ்பெற்ற பாட்டில் பெண் நாடாவில் வந்து பேசிவிட்டுப் போகிறாள், அதுவும் சமாதானத்தை. சண்டை ஆண்களின் வாத்தியங்களுக்கு. இதை ரசிகர்கள் கவனித்துப் பேசுவதில்லை. பேச வேண்டும்.

'ஒடெஸ்ஸாவின் ஆப்பிள் (1920)' தட்டில் எனக்கு மிகப் பிடித்தது. கடத்தப்பட்ட ஒரு ஜெர்மன் கப்பல் ருஷ்யர்கள் கைக்குப் போகும் கதையை ஆப்பிளும் இலையுமாகக் குழந்தைக் கதைபோலச் சொல்வது. (பெர்லின் தாதாயிஸ்டுகளின் சகவாசத்தில் இருந்த எழுத்தாளர் ஃப்ரான்ஸ் யுங் 1920இல் நிஜமாகவே ஒரு கப்பலைக் கடத்திக்கொண்டு சோவியத் ருஷ்யாவுக்குப் போனார், ஒடெஸ்ஸாவுக்கு அல்ல, முர்மான்ஸ்க்குக்கு.) ஸ்டுடியோவில் ஆறரை நிமிடமாக இருந்தது மேடையில் பதினோரு நிமிடமாக நீள்கிறது. கச்சேரிகளில் இந்தப் பாட்டின்போது ஸ்ட்ராட்டோஸ் மைக்குக்கு முன்னால் ஓர் ஆப்பிளைக் கடித்துத் தின்பார். பல் இறங்கும் சத்தம், சாறு உறிஞ்சும் சத்தம், மெல்லும் சத்தம், எல்லாம் ஒலிபெருக்கி வழியாக ஆயிரக்கணக்கானவர்கள் மேல் விழும். தின்பதும் பாடுவதும் ஒரே வாய். இதை நாடகம் என்று சொல்லித் தள்ளிவிடலாம்தான். ஆனால் இந்தச் சத்தத்தை எழுதி வைக்க எந்த இசைக் குறியீடும் இல்லை என்பதை யோசித்துப் பாருங்கள்.

*

தமிழ் இலக்கணம் படித்தவன் என்பதால் எனக்கு இங்கே தொல்காப்பியப் பிறப்பியல் ஞாபகம் வருகிறது. கொப்பூழில் எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணத்தோடு பொருந்தி எழுத்தாகிறது என்று உடலை அவ்வளவு நுட்பமாக அளந்துகொண்டு போகிறவர், இயலின் கடைசிச் சூத்திரத்தில் ஒரு வேலி போடுகிறார்: உள்ளே எழுந்து சுழலும் காற்றின் கணக்கு மறையோருக்கு உரியது, நான் சொன்னது வெளியே வந்து பொருள் காட்டும் காற்றைத்தான் என்கிறார். இலக்கணத்துக்கு அது சரி. ஆனால் அந்த வேலிக்கு அந்தப் பக்கம் மிச்சம் கிடக்கும் குரல், வேதம் ஓதுகிறவனுக்கு மட்டும் சொந்தமாகிப் போகிறது. ஸ்ட்ராட்டோஸ் வேலை செய்தது அந்த மிச்சத்தில். மொழி பழகப் பழகத் தன் குழந்தையின் மழலையில் இருந்த ஒலிகள் ஒவ்வொன்றாக உதிர்வதைப் பார்த்துத்தான் அவர் குரலை ஆராயத் தொடங்கினார். ஒரே தொண்டையில் ஒரே நேரத்தில் இரண்டு சுருதிகளை எழுப்புவார். புல்லாங்குழல்போன்ற ஒலியைக் குரல்வளையில் இருந்து கொண்டுவருவார். பாதுவா நகரத்து ஆய்வுக்கூடத்தில் கருவிகள் வைத்து அதை அளந்து பார்த்திருக்கிறார்கள். 1976இல் 'மெத்ரொதோரா', 1978இல் 'கன்தாரே லா வோச்சே' என்று வெறும் குரலை மட்டும் வைத்து இரண்டு தட்டுகளும் போட்டார்.

எகிப்தின் அலெக்ஸாந்திரியாவில் 1945இல் கிரேக்கப் பெற்றோருக்குப் பிறந்து, சைப்ரஸ் வழியாக 1962இல் மிலானுக்குக் கட்டடக்கலை படிக்க வந்து, 'ரிபெல்லி' என்ற குழுவில் காதல் பாட்டுப் பாடி 1967இல் நாடறிந்த பாடகரானவர் அவர். அந்தப் பாடகனைக் கொன்றுவிட்டுத்தான் இந்தக் குரல் வந்தது. கச்சேரித் தட்டின் மூன்றாவது உருப்படியான 'சிவப்பு வால்நட்சத்திர'த்தை அவர் கிரேக்க மொழியில் பாடுகிறார். மைதானத்தில் நின்ற இத்தாலிய மாணவனுக்கும் தொழிலாளிக்கும் அது புரிந்திருக்க வழியில்லை. இத்தாலி மொழி தெரியாத நான் சென்னைப் பேருந்தில் காதில் செருகிக்கொண்டு கேட்கும்போது எந்த நிலையில் இருக்கிறேனோ, அந்தப் பாட்டைப் பொறுத்தவரை அவர்களும் அதே நிலையில்தான் இருந்தார்கள்.

ரோலான் பார்த் 1972இல் எழுதிய 'குரலின் சொரசொரப்பு' பற்றிய கட்டுரையில், குறையே சொல்ல முடியாத ஒரு பாடகரையும் (பிஷர்-டீஸ்கௌ) தனக்குப் பிடித்த இன்னொருவரையும் (பன்ஸேரா) ஒப்பிடுவார். முதலாமவரிடம் உணர்ச்சி உண்டு, உடல் இல்லை என்பது அவர் புகார். ரசிகன் கச்சேரித் தட்டில் தேடுவது இந்த உடலைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அத்தாட்சி, நினைவு என்றெல்லாம் முதலில் சொன்னேனே, அவை சந்தை அவனுக்குக் கொடுப்பவை. அவன் தேடுவது வேறு. பெரும்பாலான தட்டுகளில் அவனுக்குக் கிடைப்பது துல்லியம்; உடலுக்குப் பதிலாக உடற்பயிற்சி. இங்கே மூச்சுத் திணறுவது கேட்கிறது, குரல் கிழிவது கேட்கிறது. ரசிகர் என்றவுடன் நமக்குக் கட்-அவுட்டும் பாலாபிஷேகமும்தான் கண்முன் வருகின்றன. பிம்பத்துக்கு ரசிகனாவது வேறு, ஒரு தொண்டைக்குள் நடக்கும் வேலைக்கு ரசிகனாவது வேறு.

பதினைந்து நிமிடத் தலைப்பு உருப்படி முழுவதும் எனக்குப் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். நடுவில் சிந்தசைஸர் பாட்டுக்கு எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. ட்ரம்ஸ் அதை இழுத்துக் கொண்டுவரும்வரை பொறுமையாக இருக்க வேண்டும். (டோஃபானி பிற்பாடு குழுவை விட்டு விலகி ஹரே கிருஷ்ணா இயக்கத்தில் சேர்ந்தார். அவரவர் பயணம்.) ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. 'மக்களுக்குப் புரியணும்' என்று நம் இடதுசாரி மேடைகளில் எத்தனை முறை கேட்டிருப்போம்? கவிதை கொஞ்சம் இறுகினால் போதும், 'யாருக்காக எழுதுறீங்க தோழர்?' என்று ஒரு குரல் எழும். மக்கள் என்ற பெயரில் தன் சொந்தச் சோம்பலைப் பேசுகிற குரல் அது. மிலானிலும் நாபொலியிலும் திறந்த வெளியில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் நின்று கேட்டது நொண்டித் தாளத்தையும் கிரேக்கப் பாட்டையும் ஆப்பிள் கடிக்கும் சத்தத்தையும்தான். அது அவர்கள் பத்திரிகைகளிலும் அவர்கள் விழாக்களிலும் அவர்கள் இசையாகவே இருந்தது. எளிமைதான் ஜனநாயகம் என்று எவன் சொன்னான்?

ஐந்தாவதும் கடைசியுமான உருப்படி சர்வதேச கீதம். பாரிஸ் கம்யூன் விழுந்த 1871இல் பொத்தியே எழுதி, 1888இல் தெகெய்தெர் மெட்டமைத்த அதே கீதம். ஆரேயா இதை 1974இலேயே ஜொவான்னி மரீனி என்ற சிறையிலிருந்த அராஜகவாதிக்காகத் தனி இசைத்தட்டாக வெளியிட்டிருந்தது; அதன் மறுபக்கம் அமெரிக்கச் சிறையில் கொல்லப்பட்ட ஜார்ஜ் ஜாக்ஸனின் பெயரில். நம் ஊரிலும் மாநாடு முடியும்போது எல்லோரும் எழுந்து நின்று, முஷ்டியை உயர்த்தி, தமிழில் இதைப் பாடுகிறார்கள். நானும் பாடியிருக்கிறேன். பாதிப் பேருக்கு இரண்டாவது சரணத்தில் வாய் மட்டும் அசையும். சடங்காகிவிட்ட பாட்டு. ஆரேயா என்ன செய்கிறது என்றால், இந்தச் சடங்கை வாத்தியங்களில் போட்டு உடைக்கிறது. மெட்டு தெரிகிற மாதிரி வந்து, கலைந்து, இரைச்சலுக்குள் முங்கி, மறுபடி தலைதூக்குகிறது. கட்சிக்காரன் இதைக் கேட்டால் கேலி என்பான். எனக்குக் கேலியாகத் தெரியவில்லை. பாட்டைக் கலைத்தால் அது திரும்ப எழுந்து வருமா என்று சோதித்துப் பார்க்கிறார்கள். வரும் என்ற நம்பிக்கை இல்லாதவன் கலைக்கவே மாட்டான். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுவான்.

*

இத்தோடு நிறுத்தினால் இது ரசிகனின் கட்டுரையாகப் போய்விடும். கூட்டத்தைப் பற்றியும் பேச வேண்டும்.

ஐந்து பேரும் அசாத்தியமான வாசிப்பாளர்கள். அவர்கள் எவ்வளவுதான் 'நாங்களும் உங்களில் ஒருவர்' என்றாலும் மேடையில் நடப்பதைக் கீழே நிற்கிறவன் செய்துவிட முடியாது. இந்த முரண்பாடு அவர்களுக்கே தெரிந்திருந்தது. 1976 அக்டோபரில் மிலான் பல்கலைக்கழகத்தில் நடந்த நிகழ்ச்சியில் ஸ்ட்ராட்டோஸ், ஃபாரிசெல்லி, டோஃபானி மூவரும் ஸ்டீவ் லேஸி, பால் லிட்டன் என்ற இரு வெளிநாட்டு இசைஞர்களோடு சேர்ந்து பாட்டையே தூக்கி எறிந்தார்கள். வன்முறை, மௌனம், அங்கதம் என்பதுபோன்ற சொற்கள் எழுதிய தாள்களை எடுத்து, ஒவ்வொருவரும் தனக்கு வந்த சொல்லை வாசிப்பது. கொஞ்ச நேரத்தில் தாளை மாற்றுவது. 1979இல் 'ஈவென்ட் '76' என்று இது தட்டாக வந்தது. ரசிகர்கள் இதை ஆரேயா கணக்கில் சேர்த்துக்கொள்ளவே தயங்குவார்கள். அதிகாரத்தை அவிழ்த்துப் பார்க்கிற முயற்சிதான். ஆனால் அவிழ்த்தது மேடைக்கு உள்ளேதான். கீழே இருந்தவன் கையில் தாள் வரவில்லை.

கீழே இருந்தவன் தன் வழியில் மேடை ஏறினான். 1976 ஏப்ரலில் மிலானில் பிரான்செஸ்கோ தெ கிரெகோரி என்ற பாடகரின் கச்சேரியை நிறுத்தி, அவரை மேடையில் வைத்தே விசாரணை நடத்தினார்கள். எவ்வளவு சம்பாதிக்கிறாய், இந்தப் பணத்தைத் தொழிலாளிக்குக் கொடுத்தாயா, இவ்வளவு புரட்சி பேசினால் மாயகோவ்ஸ்கிபோலத் தற்கொலை செய்துகொள்ள வேண்டியதுதானே என்றெல்லாம் கேள்விகள். மனிதர் கொஞ்ச காலம் மேடைப் பக்கமே வரவில்லை. அதே வருடம் ஜூன் கடைசியில் பார்கோ லாம்ப்ரோ பூங்காவில் 'ரெ நூதோ' பத்திரிகை நடத்திய பாட்டாளி இளைஞர் விழா. ஆரேயாவும் அங்கே வாசித்தது. சாப்பாட்டு விலை அதிகம் என்று லாரியில் இருந்த கோழிகளைச் சூறையாடினார்கள். ஒருபால் உறவாளர்கள் வைத்திருந்த கூடாரத்தைத் தாக்கினார்கள். போலீஸ் வந்தது. அந்த விழா அதோடு முடிந்தது. கோழியை எடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. கூடாரத்தைத் தாக்கிய கைகள் எந்தக் கணக்கில் வரும்? நாம் 'கூட்டம்' என்று மயங்கி எழுதுகிற ஒவ்வொரு முறையும் இதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். பக்தினின் திருவிழா எல்லாருக்கும் திருவிழாவாக இருந்ததில்லை.

1977 டிசம்பர் 2ஆம் தேதி மிலானின் லிரிகோ அரங்கில் ஜான் கேஜ் தன் 'வெற்றுச் சொற்கள்' பிரதியில் இருந்து வாசித்தார். தோரோவின் நாட்குறிப்புகளை அசையசையாக உடைத்த பிரதி. இரண்டரை மணி நேரம். ராக் கச்சேரிபோல எதையோ எதிர்பார்த்து வந்த இளைஞர்கள் கத்தினார்கள், விசிலடித்தார்கள், மேடை ஏறி அவர் மூக்குக் கண்ணாடியில் கைவைத்தார்கள். கேஜ் நிறுத்தவில்லை, கடைசிவரை வாசித்துவிட்டுத்தான் எழுந்தார். ஆரேயாவை வெளியிட்ட அதே க்ராம்ப்ஸ் இதையும் 1990இல் தட்டாகப் போட்டது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்கலாம். ஒன்றில் கூட்டம் ஆரவாரிக்கிறது, இன்னொன்றில் அலறுகிறது. ஒரே ஊர், இரண்டே வருட இடைவெளி. கூட்டத்தின் சத்தம் எங்கே பாட்டுக்குப் பின்னணியாக இருப்பதை நிறுத்தித் தானே பிரதியாகிறது என்று கேட்டால் நான் கேஜின் தட்டைத்தான் காட்டுவேன். ஆனால் திரும்பத் திரும்பக் கேட்பது ஆரேயாவை.

அதே 1977இல் ழாக் அத்தாலி 'இரைச்சல்' என்ற நூலில், இசைத்தட்டு வந்த பிறகு மனிதன் தான் கேட்டு முடிக்கவே முடியாத அளவுக்கு இசையை வாங்கிக் குவிக்கிறான், குவிப்பது அடுத்தவனுடைய உழைப்பு நேரத்தை என்றார். ஆரேயா ரசிகர்கள் இதற்கு விதிவிலக்கு அல்ல. தட்டின் மூலப் பதிப்புகள் சேகரிப்பாளர்களிடம் நல்ல விலைக்குப் போகின்றன. காசு கொடுக்க மாட்டோம் என்று கத்திய கூட்டத்தின் சத்தத்தை, முதல் அச்சா மறு அச்சா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து வாங்குகிறார்கள். இதைச் சொல்லிச் சிரிப்பது சுலபம். நான் காசே கொடுக்காமல் யூட்யூபில் கேட்கிறேன் என்பதால் எனக்கு மட்டும் இதில் பங்கில்லை என்று ஆகிவிடாது. என் பங்கை விளம்பரக்காரன் கொடுக்கிறான்.

1979இல் ஸ்ட்ராட்டோஸுக்கு எலும்பு மஜ்ஜை நோய். நியூயார்க்குக்குக் கொண்டுபோனார்கள். செலவுக்குப் பணம் திரட்ட ஜூன் 14ஆம் தேதி மிலானின் அரேனா மைதானத்தில் கச்சேரிக்கு ஏற்பாடு செய்தார்கள். குச்சீனி, வென்தித்தி, பாங்கோ என்று அத்தனை பேரும் பாட ஒப்புக்கொண்டார்கள். முந்தின நாள், ஜூன் 13 அன்று, அவர் நியூயார்க்கில் இறந்துவிட்டார். வயது முப்பத்து நாலு. கச்சேரியை நிறுத்தவில்லை. சுமார் 60 ஆயிரம் பேர் வந்தார்கள். இசைக்குக் காசு கேட்காதே என்று அத்தனை வருடம் சண்டை போட்ட நகரம், ஒரு பாடகனின் சிகிச்சைக்குக் காசு போட வந்து நின்றது. ஆரேயாவும் வாசித்தது, அவர் இல்லாமல். அதையும் பதிவு செய்து இரட்டைத் தட்டாக வெளியிட்டார்கள். அதில் கூட்டத்தின் சத்தம் தெளிவாகவே கேட்கிறது. அந்தத் தட்டை நான் முழுசாக இரண்டு முறைதான் கேட்டிருக்கிறேன்.